கபுர் இல்லாத கப்டன்: 1803 இல் கண்டியில் கொல்லப்பட்ட நூருத்தீனும் அவர் குடும்பமும்

கண்டி இராச்சியத்தின் மீது ஆங்கிலேயர் 1803 இல் நடத்திய படையெடுப்பைப் பற்றி வகுப்பில் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். நான் படிப்பிப்பது ஹட்டன் பக்கத்துப் பாடசாலை ஒன்றில். தோட்டத்துப் பிள்ளைகளும் டவுனில் கடை வைத்திருப்போரின் பிள்ளைகளும் கலந்திருக்கும் வகுப்பு. மலாய் குடும்பத்துப் பிள்ளை ஒருத்தியும் இருந்தாள். ஆங்கிலேயப் படையில் மலாய்ச் சிப்பாய்களும் இருந்தார்கள் என்று நான் சொன்னதும் அவள் எழுந்தாள். அப்படியென்றால் எங்கட ஆட்கள் இந்த நாட்டுக்கு எதிராகவா சண்டை பிடித்தார்கள் சேர் என்று கேட்டாள்.

வகுப்பு முழுக்க அவளைத் திரும்பிப் பார்த்தது. அந்தப் பிள்ளையின் முகத்தில் இருந்தது பாடத்தைப் பற்றிய சந்தேகம் அல்ல, பயம். முஸ்லிம் பிள்ளைகளின் முகத்தில் அந்தப் பயத்தை 2019 க்குப் பிறகு நான் பல தடவை கண்டிருக்கிறேன். அவளுக்கு அன்று நான் முழுதாகப் பதில் சொல்லவில்லை, பாடவேளை முடிந்துவிட்டது. சொல்ல வேண்டிய பதில் ஒரு மனிதரின் கதை. அவர் பெயர் கப்டன் நூருத்தீன்.

அந்தப் பெயரை நான் முதலில் கேட்டது ஆசிரியர் கலாசாலையில். மேஜர் டேவி பற்றி ஒரு ஒப்படை எழுதியிருந்தேன். அதைப் படித்துப் பார்த்த மலாய் நண்பர் ஒருவர், டேவிக்கு ஒரு பக்கம் எழுதிய நீங்கள் நூருத்தீனுக்கு ஒரு வரியும் எழுதவில்லையே என்று கேட்டார். நான் வெட்கப்பட்டேன். பிறகுதான் தேடிப் படித்தேன்.

கதை இந்தோனேசியாவின் சுலவேசித் தீவில் தொடங்குகிறது. அதன் தெற்கில் மக்கஸ்ஸார் துறைமுகத்தை ஒட்டி கொவா என்ற முஸ்லிம் இராச்சியம் இருந்தது. ஆங்கிலேயர் இதை ‘கோவா’ என்றே எழுதி வைத்ததால் பலரும் இந்தியாவின் கோவாவோடு குழப்பிக்கொள்வார்கள். 1684 இல் ஒல்லாந்தர் இலங்கைக்கு நாடு கடத்தி, பத்து வருடங்களுக்குப் பின் தென்னாபிரிக்காவின் கேப்டவுனுக்கு அனுப்பிய இறைநேசர் ஷெய்க் யூசுப் அவர்களும் மக்கஸ்ஸார் மண்ணைச் சேர்ந்தவர்தான். இலங்கையில் இருந்த காலத்தில் அவர் எழுதிய கிதாபுகள் இன்றும் இருக்கின்றன.

ஷெய்க் யூசுபுக்கு எண்பது வருடங்களுக்கும் பின்னால் கொவாவின் 26 ஆவது சுல்தான் பக்ருத்தீனையும் ஒல்லாந்தர் இங்கே கொண்டுவந்தார்கள். 1753 இல் ஆட்சிக்கு வந்த அவர் 1767 இல் அரசை இழந்தார். ஆங்கிலேயரோடு கூட்டுச் சேர்ந்து ஒல்லாந்தரின் வியாபாரத்துக்கு எதிராகச் சதி செய்தார் என்பது அவர் மீதிருந்த குற்றச்சாட்டு. இதை வாசகர்கள் ஞாபகத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். தகப்பன் நாடு கடத்தப்பட்டது ஆங்கிலேயரின் பெயரால்.

சுல்தானோடு அவருடைய குடும்பமும் இலங்கையில் வாழ்ந்தது. மனைவி பெயர் சித்தி ஹபிபா. நாடு இழந்த ராஜா வீட்டுப் பிள்ளைகள் பிழைப்புக்கு என்ன செய்வது? அன்றைக்கு அவர்களுக்குத் திறந்திருந்த வாசல் பட்டாளம்தான். தங்கள் வாப்பாவைச் சிறைப்படுத்திய ஒல்லாந்தரிடமே மலாய் இளைஞர்கள் துப்பாக்கி தூக்கினார்கள். 1796 இல் ஒல்லாந்தர் கொழும்பை ஆங்கிலேயரிடம் கையளித்தபோது மலாய்ப் படையும் கைமாறியது. எஜமான் மாறினான், தொழில் மாறவில்லை. சுல்தானின் மகன் நூருத்தீன் ஆங்கிலேய மலாய்ப் படையில் கப்டன் ஆனது இப்படித்தான்.

மலாய்களில் ஒரு பகுதியினர் ஏற்கெனவே மலைநாட்டுக்குப் போய் கண்டி மன்னரிடம் சேவகம் செய்துகொண்டிருந்தார்கள். அவர்களுக்குத் தலைவராக இருந்தவர் சங்குங்லோ. அவரும் அதே கொவா அரச குடும்பத்தைச் சேர்ந்தவர், நூருத்தீனுக்குச் சகோதரர் முறை. ஒரே குடும்பம், இரண்டு கொடி.

1803 இன் ஆரம்பத்தில் ஆளுநர் பிரெட்ரிக் நோர்த் கண்டி மீது படை அனுப்பினார். ஜெனரல் மக்டோவல் கொழும்பிலிருந்தும் கேணல் பார்பட் திருகோணமலையிலிருந்தும் வந்தார்கள். பெப்ரவரியில் அவர்கள் நகருக்குள் நுழைந்தபோது அங்கே ஆள் நடமாட்டமே இல்லை. மன்னர் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் மக்களோடு காட்டுக்குள் போய்விட்டிருந்தார். ஆங்கிலேயர் முத்துசாமி என்ற அரச உறவினரைப் பெயருக்கு மன்னராக்கிவிட்டு, ஒரு காவற்படையை மட்டும் நிறுத்திவிட்டுப் பெரும்படையைத் திருப்பி அழைத்தார்கள்.

மழை தொடங்கியது. காய்ச்சல் வந்தது. வழிகள் அடைபட்டன. பார்பட்டும் காய்ச்சலில் இறந்தார். பொறுப்பு மேஜர் டேவியின் தலையில் விழுந்தது. சிப்பாய்கள் ஒவ்வொருவராகப் படுக்கையில் விழுந்தார்கள். மலாய்களிலும் பலர் மன்னர் பக்கம் ஓடிப்போனார்கள். நூருத்தீன் போகவில்லை.

ஜூன் 24 காலையில் கண்டிப்படை தாக்கியது. தாக்குதலின் முன்னணியில் வந்தவர் சங்குங்லோ. அரண்மனைத் தடுப்பில் நடந்த கைகலப்பில் அவர் உயிர் போனது. எதிர்ப்பக்கத்தில் நின்ற படையின் கப்டன் நூருத்தீன். தன் குடும்பத்து மனிதர் விழுந்த செய்தி எந்த நிமிடத்தில் அவர் காதுக்கு எட்டியிருக்கும், அப்போது அவர் என்ன செய்துகொண்டிருந்திருப்பார் என்று நான் பல தடவை யோசித்திருக்கிறேன். எந்தப் பக்கத்தில் ஒப்பாரி வைப்பது?

அன்று பகலே டேவி வெள்ளைக்கொடி காட்டினார். ஆயுதங்களோடு திருகோணமலைக்குப் போக அனுமதி, நோயாளிகளுக்குப் பராமரிப்பு என்பது பேச்சு. ஆனால் வட்டாபுளுவவில் மகாவலி கங்கை பெருகி ஓடியது, கடக்க வள்ளம் இல்லை. முத்துசாமியைக் கையளிக்கச் சொன்னார்கள். டேவி கையளித்தார், முத்துசாமி கொல்லப்பட்டார். பிறகு ஆயுதங்களைக் கீழே வைக்கச் சொன்னார்கள். அதையும் வைத்தார்கள். வெள்ளைக்காரச் சிப்பாய்களைப் பிரித்துக் கொண்டுபோய் வெட்டினார்கள். கண்டி வைத்தியசாலையில் படுத்திருந்த நூற்றுக்கும் மேற்பட்ட நோயாளிகளும் கொல்லப்பட்டார்கள். டேவி கைதியாகவே வாழ்ந்து, விடுதலை காணாமல் கண்டி நாட்டிலேயே இறந்தார்.

மலாய்களை மன்னரிடம் கொண்டுபோனார்கள். அவர்களுக்கு ஒரு வழி திறந்திருந்தது. மன்னருக்கு நல்ல சிப்பாய்கள் தேவை. பலர் அந்த வழியால் போய் உயிரைக் காப்பாற்றிக்கொண்டார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது.

அடுத்து நடந்ததை அக்காலத்தில் கொழும்பில் இருந்த ஆங்கிலேயப் பாதிரியார் ஜேம்ஸ் கோர்டினர் தனது நூலில் எழுதியிருக்கிறார். நூருத்தீனும் அவருடைய சகோதரர் ஒருவரும் மன்னர் முன் நிறுத்தப்பட்டார்கள். அரண்மனை வழக்கப்படி நிலத்தில் விழுந்து வணங்க நூருத்தீன் மறுத்து, சிப்பாயாக மரியாதை செலுத்தினார். தன் படையிலுள்ள மலாய்களுக்குத் தலைமை ஏற்கும்படி மன்னர் கேட்டார். தான் ஏற்கெனவே ஒரு மன்னருக்குச் சத்தியம் செய்துவிட்டதாகவும், அதை முறித்தால் அழியாத அவமானம் வந்து சேரும் என்றும் நூருத்தீன் பதில் சொன்னார். சகோதரரும் அதே நிலைப்பாட்டில் நின்றார். சில காலம் காவலில் வைத்துவிட்டு இருவரையும் கொன்றார்கள். ஜனாஸாக்கள் அடக்கப்படவில்லை, காட்டில் எறியப்பட்டுப் பன்றிகளுக்கு இரையாயின.

இந்த இடத்தை எழுதும்போது கை நடுங்குகிறது. குளிப்பாட்டல் இல்லை, கபன் இல்லை, தொழுகை இல்லை, கபுர் இல்லை. கொரோனாக் காலத்தில் நம் ஜனாஸாக்கள் பலவந்தமாக எரிக்கப்பட்டபோது நம் வீடுகளில் என்ன நடந்தது என்பதை மறக்காதவர்களுக்கு அந்த வலியை நான் விளக்க வேண்டியதில்லை. மன்னாரிலிருந்து மாத்தளைக்கு நடந்து வரும் வழியில் இறந்து காட்டோரம் விடப்பட்ட கோப்பித் தோட்டத் தொழிலாளர்களின் வாரிசுகளும் என் வகுப்பில் இருக்கிறார்கள். அவர்களுக்கும் இது விளங்கும்.

கோர்டினரின் நூல் 1807 இல் வெளிவந்தது. நூருத்தீனின் விசுவாசத்தைத் தூர தேசத்து வாசகர்கள் படித்து மெச்சியிருப்பார்கள். அதே 1807 இல் சுல்தானின் விதவை சித்தி ஹபிபா இலங்கையிலிருந்து பத்தாவியாவில் இருந்த ஒல்லாந்த ஆளுநர் நாயகத்துக்கு ஒரு கடிதம் அனுப்பினார். மலாய் மொழியில் எழுதப்பட்ட அந்தக் கடிதம் இன்று நெதர்லாந்தின் லெய்டன் பல்கலைக்கழக நூலகத்தில் இருக்கிறது. தன் குடும்பம் வறுமையில் வாடுவதைச் சொல்லி, ஊர் திரும்ப உதவி கேட்கிறார். நாற்பது வருடங்களுக்கு முன் தன் கணவனின் அரசைப் பறித்தவர்களிடமே கையேந்த வேண்டிய நிலை. பிள்ளைகள் உயிர் கொடுத்த ஆங்கிலேயக் கொடி அவருக்குத் தலைக்கு மேலே பறந்துகொண்டிருந்தது.

விசுவாசத்தைப் பற்றிப் பேசுபவர்கள் இந்தக் கடிதத்தையும் சேர்த்துப் பேச வேண்டும். சிப்பாய் மரணித்தால் அவன் பெயர் ஒரு புத்தகத்தில் ஏறும். உம்மாவின் அடுப்பு எரிகிறதா என்பதை எந்தப் புத்தகமும் கேட்பதில்லை.

பிறகு நடந்ததும் நினைத்துப் பார்க்க வேண்டியதுதான். 1815 இல் ஆங்கிலேயர் கண்டியை எடுத்தார்கள். நூருத்தீனைக் கொல்வித்த மன்னர் பிடிபட்டு, சுல்தான் பக்ருத்தீனைப் போலவே கடல் கடந்து நாடு கடத்தப்பட்டார். 1832 இல் வேலூர்க் கோட்டையில் அவர் உயிர் பிரிந்தது. காடுகள் வெட்டப்பட்டுக் கோப்பி வந்தது, கோப்பி அழிந்து தேயிலை வந்தது. மலாய்கள் பெருமளவில் சேவை செய்த இலங்கை ரைபிள் படை 1873 இல் கலைக்கப்பட்டது. வேலையிழந்தவர்கள் பொலிஸிலும் சிறைச்சாலைகளிலும் தோட்டங்களிலும் பிழைப்புத் தேடினார்கள். அந்த வழியில் வந்த குடும்பங்களின் பிள்ளைகள்தான் இன்று நம் வகுப்புகளில் இருக்கிறார்கள்.

நூருத்தீன் யாருக்காக மரணித்தார்? அவர் சத்தியம் செய்தது இந்த நாட்டைப் பிடிக்க வந்தவர்களின் அரசருக்கு. அதை மறைத்து அவரைத் தேசிய வீரராக்க எனக்கு விருப்பமில்லை. சங்குங்லோ கண்டி மன்னருக்காக, இந்த மண்ணின் சுதந்திரத்துக்காக உயிர் கொடுத்தார். அவரையும் நாம் மறந்துவிட்டோம். இருவருமே தாங்கள் தேர்ந்தெடுக்காத ஒரு நாட்டில், அடுத்தவர்களின் யுத்தத்தில், கொடுத்த வாக்கைக் காப்பாற்றியவர்கள். வாக்கைக் காப்பது ஈமானோடு சேர்ந்தது என்று மதரஸாவில் படித்த நமக்கு அதன் பெறுமதி தெரியும். அந்த வாக்கை யார் யாரெல்லாம் தங்கள் இலாபத்துக்குப் பாவித்தார்கள் என்பதும் தெரிய வேண்டும்.

நம்முடைய விசுவாசத்தை நிரூபிக்கச் சொல்லி யாராவது கேட்டால், உடனே பட்டியல் வாசிப்பது நம் பழக்கமாகிவிட்டது. 2005 இல் கொழும்பில் சுட்டுக்கொல்லப்பட்ட கேணல் நிஸாம் முத்தலிப் வரைக்கும் அந்தப் பட்டியல் நீளும். பட்டியல் உண்மைதான். ஆனால் இருநூறு வருடங்களாக ஜனாஸாக்களைக் காட்டித்தான் ஒரு சமூகம் தன்னை நிரூபிக்க வேண்டுமென்றால், பிழை அந்தச் சமூகத்திடம் இல்லை.

அடுத்த வாரம் அந்தப் பிள்ளையின் கேள்விக்கு வகுப்பில் பதில் சொன்னேன். உங்கட ஆட்கள் இரண்டு பக்கத்திலும் இருந்தார்கள், இரண்டு பக்கத்திலும் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார்கள் என்றேன். சங்குங்லோவின் பெயரையும் நூருத்தீனின் பெயரையும் சித்தி ஹபிபாவின் பெயரையும் கரும்பலகையில் எழுதினேன். அவள் மூன்றையும் கொப்பியில் எழுதிக்கொண்டாள். இடைவேளையில் என்னிடம் வந்து, அந்த உம்மா ஊருக்குப் போய்ச் சேர்ந்தாரா என்று கேட்டாள். எனக்கும் அதைத்தான் கேட்க வேண்டும் போல இருக்கிறது.

கண்டிக்குப் போகும் நம்மவர்கள் வட்டாபுளுவவில் டேவியின் பெயர் சொல்லும் நினைவிடத்தைக் காணலாம். அந்த வழியால் போகும்போது, அடுத்த பக்கத்துக் காட்டில் அடக்கமில்லாமல் கிடந்த அந்தச் சகோதரர்களுக்காகவும், தடுப்பில் விழுந்த சங்குங்லோவுக்காகவும் ஒரு பாத்திஹா ஓதுங்கள். நாம் அவர்களுக்குக் கொடுக்க மிஞ்சியிருக்கும் ஜனாஸாக் கடமை அவ்வளவுதான்.