மலைகளின் தோழர் ஜான் மியூர்

அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலத்தில் சியரா நெவாடா என்னும் மலைத்தொடர் உள்ளது. அதன் நடுவே யோசெமிட்டி என்றொரு பள்ளத்தாக்கு. சுற்றிலும் செங்குத்தான பாறைச் சுவர்கள். அவற்றின் உச்சியிலிருந்து விழும் அருவிகள். கோடை விடுமுறையில் வந்து, இரண்டு நாள் தங்கி, புகைப்படம் எடுத்துக்கொண்டு திரும்புவோர் ஏராளம். ஆனால் அருவி மெலிந்து போகும் இலையுதிர் காலத்தையும், பனி மூடிய குளிர்காலத்தையும் அங்கேயே குடியிருந்து கண்டவர் ஒருவர் உண்டு. அவர்தாம் ஜான் மியூர். ஒரு சமயம் அவருக்கு இரு கண்களும் தெரியாமல் போயின என்று படித்தபோதுதான், அவரைப் பற்றி எழுத வேண்டும் என்ற ஆசை எனக்கு உண்டாயிற்று.

மியூர் 1838-ஆம் ஆண்டு ஏப்ரல் 21-ஆம் நாள் ஸ்காட்லாந்து நாட்டில், டன்பார் என்னும் கடற்கரை ஊரில் பிறந்தார். எட்டுக் குழந்தைகளில் மூன்றாமவர். தந்தை டேனியல் மிகுந்த பக்தியுடையவர். அதைவிட மிகுந்த கண்டிப்புடையவர். பதினொரு வயதிற்குள் ஜான் புதிய ஏற்பாடு முழுவதையும், பழைய ஏற்பாட்டில் நான்கில் மூன்று பங்கையும் மனப்பாடமாகச் சொல்லக் கற்றிருந்தான். அதில் பெரும்பகுதி அடிக்குப் பயந்து கற்றதே!

1849-இல் குடும்பம் கப்பலேறி அமெரிக்கா சென்று, விஸ்கான்சின் மாநிலத்துக் காட்டில் பண்ணை அமைத்தது. சிறுவன் ஜான் விடிந்தது முதல் இருட்டும் வரை ஏர் உழுதான், மரம் வெட்டினான். பின்பு கிணறு தோண்டும் வேலை வந்தது. கடினமான மணற்பாறையை உளியாலும் சுத்தியலாலும் கொத்திக் கொத்தி, 90 அடி ஆழம் வரை தன்னந்தனியே தோண்டினான். ஒரு நாள் காலை அடியில் தேங்கியிருந்த நச்சுக்காற்று தாக்கி மயங்கி விழ இருந்தவனை மேலே தூக்கிக் காப்பாற்றினார்கள். ஓரிரு நாள் ஓய்வுக்குப் பின் மறுபடியும் அதே கிணற்றில் இறங்க வேண்டியதாயிற்று. இந்த இடத்தைப் படித்தபோது அந்தத் தந்தையின் மீது எனக்குக் கோபமே வந்தது.

இரவில் விளக்கேற்றிப் படிக்கத் தந்தை அனுமதிக்கவில்லை. வேண்டுமானால் அதிகாலையில் எழுந்து படிக்கலாம் என்றார். அன்று முதல் ஜான் நள்ளிரவு கடந்து ஒரு மணிக்கே எழத் தொடங்கினான்! குளிர் தாங்காமல் நிலவறையில் உட்கார்ந்து, மரத்தைச் செதுக்கிக் கடிகாரங்கள் செய்தான். குறித்த நேரத்தில் கட்டிலைச் சாய்த்து, தூங்குபவரை எழுப்பி நிறுத்தும் கருவி ஒன்றும் செய்தான். 1860-இல் அவற்றை மாடிசன் நகரப் பொருட்காட்சிக்கு எடுத்துச் சென்றபோது மக்கள் கூட்டம் கூட்டமாய் வந்து பார்த்தார்களாம். அதன்பின் விஸ்கான்சின் பல்கலைக் கழகத்தில் சில ஆண்டுகள் தாவரவியலும் நிலவியலும் பயின்றார், பட்டம் பெறவில்லை.

இயந்திர வேலையில் அவருக்கிருந்த திறமைக்குச் செல்வந்தராகவே ஆகியிருக்கலாம். இண்டியானாபொலிஸ் நகரில் வண்டிச் சாமான்கள் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் நல்ல வேலையும் கிடைத்திருந்தது. 1867 மார்ச் மாதம் ஒரு மாலை, இயந்திரத்தின் தோல் வாரில் இருந்த தையலை அரத்தின் கூர்முனையால் பிரித்துக்கொண்டிருந்தார். அரம் வழுக்கி வலக்கண்ணில் பாய்ந்தது. அந்தக் கண் இருண்டது. சில மணி நேரத்தில், துணைக்கு இரங்கியது போல், இடக்கண்ணும் பார்வை இழந்தது. இருட்டறையில் வாரக்கணக்காகப் படுத்துக் கிடந்தார். இனி ஒரு பூவையும் பார்க்க முடியாதே என்பதுதான் அவருடைய பெருந்துயரமாக இருந்தது. ஆனால் இறைவன் அருளால் இரு கண்களும் மெல்ல மெல்லத் தெளிந்தன. எழுந்து நடமாடத் தொடங்கியதும் அவர் தொழிற்சாலையை விட்டுவிட்டார். அந்த ஆண்டு செப்டம்பரில் கென்டக்கி மாநிலத்திலிருந்து ஃபுளோரிடாவின் கடற்கரை வரை ஏறத்தாழ 1,000 மைல் நடந்தே போனார். அங்கே மலேரியாக் காய்ச்சலில் விழுந்து எழுந்து, 1868 மார்ச்சில் கப்பல் வழியே சான்ஃபிரான்சிஸ்கோ சேர்ந்து, அங்கிருந்து யோசெமிட்டிக்கும் நடந்தார்.

1869 கோடையில் ஓர் ஆட்டு மந்தையோடு மேய்ப்பருக்குத் துணையாக உயர்ந்த மலைப் புல்வெளிகளுக்குச் சென்றார். கோடையில்தான் அங்கே பனி உருகிப் புல் முளைத்து, லில்லி போன்ற மலர்கள் பூக்கும். அந்த மலர்களையெல்லாம் ஆடுகள் வேரோடு மேய்ந்து தீர்த்ததையும் அவர் கண்ணால் கண்டார். சம்பளம் தந்த மந்தையே தாம் நேசித்த காட்டை அழித்ததை அவர் கடைசி வரை மறக்கவில்லை.

பிறகு பள்ளத்தாக்கில் மரம் அறுக்கும் ஆலையில் வேலை பார்த்தார். யோசெமிட்டி அருவிக்கு அருகில் சிறு மரக்குடில் கட்டி, ஓடையின் ஒரு கிளை அறையின் மூலை வழியே ஓடும்படி வெட்டிவிட்டார். படுக்கையில் கிடந்தபடியே தண்ணீரின் சலசலப்பைக் கேட்கலாம் அல்லவா? மலையேறப் புறப்பட்டால் கொஞ்சம் ரொட்டியும் தேயிலையும்தான் கட்டுச்சோறு. போர்வைகூடப் பல நாள் எடுத்துச் செல்வதில்லை. பைன் மரக் கிளைகளைப் பரப்பிப் படுத்துக்கொள்வார்.

வசந்த காலத்தில் பனி உருகி அருவிகள் பெருக்கெடுக்கும். யோசெமிட்டி அருவியின் மொத்த உயரம் 2,425 அடி. முழுநிலா நாட்களில் அதன் சாரலில் நிலவொளியே வானவில் போடும். அதை அருகிலிருந்து காண ஓர் இரவு பாறை விளிம்பு வழியே ஏறி, அருவியின் பின்புறம் போய் நின்றார். காற்று திரும்பிற்று, நீர்த்தாரை முழுவதும் அவர் மேல் விழுந்தது. பாறையை இறுகப் பிடித்துக்கொண்டு தப்பினார். அதே அருவி கோடை முடிவில் நூலாக இளைத்து, சில ஆண்டுகளில் வற்றியும் விடும்.

இலையுதிர் காலத்தில் கருவாலி மரங்கள் பொன்னிறமாகும். அது அவருக்கு ஆராய்ச்சிக் காலம். இப்பள்ளத்தாக்கைச் செதுக்கியவை பண்டைய பனியாறுகளே என்று அவர் சொன்னார். நிலநடுக்கத்தில் தரை கீழே இறங்கி உண்டானது என்று கூறிவந்த புகழ்பெற்ற நிலவியல் பேராசிரியர் ஜோசையா விட்னி, இவரை ஆடு மேய்ப்பவர் என்று இகழ்ந்தார். மியூர் வாயால் வாதாடவில்லை. 1872 ஆகஸ்டில் மக்லூர் மலைப் பனியில் வரிசையாகக் குச்சிகளை நட்டு வைத்து, அக்டோபரில் போய் அளந்தார். 46 நாட்களில் 47 அங்குலம் நகர்ந்திருந்தது! மக்லூர் இன்னும் நாளுக்கு ஓர் அங்குலம் போலவே நகர்கிறது என்றும், அதன் அருகிலுள்ள லயல் பனியாறு மெலிந்து நகராமல் நின்றுவிட்டது என்றும் 2013-இல் பூங்கா அலுவலர்கள் தெரிவித்தார்கள்.

குளிர்காலத்தில் மற்றவர்கள் அடுப்போரம் ஒதுங்குவார்கள். மியூரோ பனிப்புயல் ஓய்ந்ததும் வெளியே கிளம்பிவிடுவார். ஒரு தடவை நாள் முழுவதும் இடுப்பளவு பனியில் ஏறினார். உச்சியை நெருங்கும் வேளையில் பனிச்சரிவு அவரைத் தூக்கிக்கொண்டு, ஒரே நிமிடத்தில் புறப்பட்ட இடத்திலேயே கொண்டுவந்து சேர்த்தது. உடலில் ஒரு காயமும் இல்லை. இதைப் படித்துவிட்டு நம்மில் யாரும் முயன்று பார்க்க வேண்டாம்!

1880-இல் லூயி ஸ்ட்ரென்ட்ஸல் என்னும் பெண்மணியை மணந்தார். வாண்டா, ஹெலன் என இரு பெண்கள் பிறந்தனர். மாமனாரின் பழத்தோட்டத்தைப் பல ஆண்டுகள் கவனித்ததில் பணம் சேர்ந்தது. அவர் உடல் நலிந்தது. அதைக் கண்ட லூயி, தோட்டத்தை விட்டு மலைக்குப் போங்கள் என்று தாமே எழுதினார். மியூரின் புகழில் இந்த அம்மையாருக்குப் பாதிப் பங்கு உண்டு என்பது என் கருத்து. மகன் மலையைப் பற்றி எழுதுவது வீண் என்று எண்ணிய தந்தை 1885-இல் மரணப் படுக்கையில் கிடந்தபோது, மியூர் நெடுந்தூரம் பயணம் செய்து வந்து அருகில் இருந்தார்.

1890-இல் அவருடைய இரு கட்டுரைகள் ஒரு பெரிய பத்திரிகையில் வெளிவந்தன. அவ்வாண்டு அக்டோபர் முதல் நாள் யோசெமிட்டி தேசியப் பூங்கா சட்டப்படி உருவாயிற்று. 1892-இல் சியரா கழகத்தைத் தொடங்கி, இறக்கும் வரை அதன் தலைவராக இருந்தார். 1903 மே மாதம் குடியரசுத் தலைவர் தியோடர் ரூஸ்வெல்ட் அங்கு வந்தார். அவருக்கென்று ஏற்பாடு செய்த விருந்தையும் விட்டுவிட்டு, மியூரோடு மூன்று இரவு திறந்த வெளியில் தங்கினார். இரண்டாம் இரவு பனி பெய்து இருவர் போர்வையையும் மூடிற்று. அதுவரை மாநில அரசிடம் இருந்த பள்ளத்தாக்கு 1906-இல் தேசியப் பூங்காவோடு சேர்ந்தது.

ஒரு குறையையும் சொல்லத்தான் வேண்டும். யோசெமிட்டி ஆளில்லாத காடு அல்ல. அங்கு தலைமுறை தலைமுறையாய் வாழ்ந்த அவானீச்சி மக்களை 1851-இல் ஆயுதப் படை விரட்டியது. மியூர் தம் இளமைக்கால எழுத்துகளில் பழங்குடி மக்களை இழிவாகவே குறிப்பிட்டார். அச்சொற்கள் செய்த தீங்கைச் சியரா கழகமே 2020-இல் ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டது. ஒவ்வொரு செடியையும் நின்று பார்த்தவர், மனிதரை அப்படிப் பாராமல் போனது எனக்கு வருத்தமாகவே இருக்கிறது.

பூங்காவுக்குள்ளேயே ஹெட்ச் ஹெட்சி என்னும் மற்றொரு அழகிய பள்ளத்தாக்கு இருந்தது. சான்ஃபிரான்சிஸ்கோவின் குடிநீருக்காக அதில் அணை கட்டத் திட்டமிட்டார்கள். 1906-இல் நிலநடுக்கமும் தீயும் கண்ட நகரம் அது. தண்ணீர் கேட்டவர்களையும் குறை சொல்ல முடியாது. வேறு ஆறுகள் உண்டு என்று மியூர் பல ஆண்டுகள் போராடினார். 1913 டிசம்பர் 19-ஆம் நாள் குடியரசுத் தலைவர் வில்சன் அணைக்கான சட்டத்தில் கையெழுத்திட்டார். 1923-இல் அணை முடிந்து, பள்ளத்தாக்கு நீருக்குள் போயிற்று. இன்றும் அங்கே நீர்த்தேக்கம்தான் இருக்கிறது.

மியூர் அதைக் காண இல்லை. 1914 டிசம்பரில் மகள் ஹெலனைப் பார்க்கச் சென்ற இடத்தில் நிமோனியா கண்டது. லாஸ் ஏஞ்சல்ஸ் மருத்துவமனையில், கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள், தம் 76-ஆம் வயதில் காலமானார். அலாஸ்காவின் பனியாறுகளைப் பற்றி எழுதிக்கொண்டிருந்த நூலின் தாள்கள் கட்டிலருகே கிடந்தன. அது 1915-இல் அச்சாகி வந்தது.