அர்ச். அகுஸ்தீன் வேதாகமம் வாசித்த விதம்

பிரிய வாசகரே, வேதாகமத்தை வாசிக்கையில் உமக்கும் இந்தச் சந்தேகம் வந்திருக்கும். இடறலாகும் கண்ணைப் பிடுங்கி எறியச் சொல்லும் வாக்கியத்தை நாம் எழுத்துப்படி கொள்வதில்லை. சேசுநாதர் உயிர்த்தெழுந்ததையோ எழுத்துப்படியே விசுவசிக்கிறோம். இது நம் மனம்போன போக்குதானா? இக்கேள்வியால் பல வருஷம் வருந்தியவர் அர்ச். அகுஸ்தீன்.

இவர் 354-ம் ஆண்டு வட ஆப்பிரிக்காவிலுள்ள தகாஸ்தே நகரில் அர்ச். மோனிக்கம்மாளுக்குப் பிறந்தார். வாலிபத்தில் வேதாகமத்தைக் கையிலெடுத்தார். சிசெரோவின் நடையில் பழகியவருக்கு அது அற்பமாய்த் தோன்றவே மூடிவிட்டார். பின்பு மனிக்கேயர் என்னும் பதிதரோடு ஏறக்குறைய ஒன்பது வருஷம் திரிந்தார். மனுஷன் சர்வேசுரனுடைய சாயலென்றால் சர்வேசுரனுக்கும் மயிரும் நகமும் உண்டோவென்று அவர்கள் பரிகசிப்பார்கள். அதற்கு மறுமொழி சொல்ல இவருக்குத் தெரியவில்லை.

384-ம் ஆண்டு மிலான் நகரில் ஆசிரியரானபோது, மேற்றிராணியாரான அர்ச். அம்புரோசியாரின் பிரசங்கங்களைச் சொல்லழகுக்காகக் கேட்கப் போனார். சொல்லோடு பொருளும் உள்ளே புகுந்தது. பழைய ஏற்பாட்டில் ஞான அர்த்தமுள்ள இடங்கள் உண்டென்றும், தேவசாயல் சரீரத்தைக் குறித்ததல்லவென்றும் கண்டார். திருச்சபை போதியாததைப் போதிப்பதாக எண்ணி அதைப் பழித்ததற்காக வெட்கினார். 387-ம் ஆண்டு பாஸ்கு இரவில் அம்புரோசியார் கையால் ஞானஸ்நானம் பெற்றார்.

ஹிப்போ நகர மேற்றிராணியாரானபின், வேதாகமத்தைப் படித்துப் போதிக்கும் வகையைப்பற்றி ஒரு நூல் தொடங்கி, இடையில் நிறுத்தி, ஏறக்குறைய 30 வருஷத்துக்குப்பின் முடித்தார். அதில் அவர் காட்டும் வழி இது: உருவகத்தை எழுத்துப்படி கொள்வதும் தப்பு, நேர்ச்சொல்லை உருவகமாக்குவதும் தப்பு. எழுத்துப்படி கொண்டால் நல்லொழுக்கத்துக்கும் மெய் விசுவாசத்துக்கும் பொருந்தாத வாக்கியம் உருவகமே. தேவசிநேகத்திலும் பிறர்சிநேகத்திலும் சேர்க்காத அர்த்தம் சரியான அர்த்தமல்ல. மங்கலான இடத்தைத் தெளிவான இடங்களைக்கொண்டும், திருச்சபையின் விசுவாசத்தைக்கொண்டும் அறியவேண்டும்.

அவர் காட்டும் உதாரணம் ஒன்றைப் பாரும். பசித்த சத்துருவுக்கு உணவு கொடுக்கவேண்டுமென்கிறார் அர்ச். சின்னப்பர். இது எழுத்துப்படி செய்யவேண்டிய கட்டளை. அப்படிச் செய்வதால் அவன் தலைமேல் நெருப்புத்தழலைக் குவிப்பாயென்று அடுத்தாற்போல் சொல்லுகிறார். இது பழிவாங்குதலாகுமோ? ஆகாது, அத்தழல் சத்துருவின் ஆங்காரத்தைச் சுடும் மனஸ்தாபமே என்கிறார் அகுஸ்தீன். ஒரே வாக்கியத்தில் பாதி நேர்ச்சொல், பாதி உருவகம்! நமக்கோ உணவு கொடுப்பதை உருவகமாக்கிவிட்டுத் தழலை மட்டும் எழுத்துப்படி கொட்ட ஆசை.

ஆதியாகமத்துக்கும் 12 புத்தகங்களில் விரிவுரை எழுதினார். சிருஷ்டிப்பின் நாட்கள் நம் நாட்களைப் போன்றவையென்று அவர் சாதிக்கவில்லை. வானத்தையும் பூமியையும்பற்றி நிச்சயமாய் அறியப்பட்டதற்கு விரோதமாகக் கிறீஸ்தவன் வேதத்தைக் காட்டிப் பிதற்றினால், அஞ்ஞானிகள் வேதத்தையே நகைப்பார்களென்று எச்சரித்தார். 1893-ல் 13-ம் சிங்கராயர் பாப்பானவர் தம் நிருபத்தில் அகுஸ்தீனுடைய விதியையே எடுத்துக்காட்டினார்: தக்க காரணமின்றி நேர்ப்பொருளை விட்டு விலகக்கூடாது. 1943-ல் 12-ம் பத்திநாதர், வேத ஆசிரியர் கையாண்ட இலக்கிய வகையை ஆராயச் சொன்னார். 1965-ல் இரண்டாம் வத்திக்கான் சங்கமும் அதை உறுதிப்படுத்தியது.

430-ம் ஆண்டு வாண்டலர் ஹிப்போவை முற்றுகையிட்டிருக்க, அகுஸ்தீன் மரணப்படுக்கையில் கிடந்தார். தாவீதின் மனஸ்தாப சங்கீதங்களை எழுதிச் சுவரில் மாட்டச்செய்து, அவற்றை வாசித்து அழுதார். அங்கே தமக்கென்று ஓர் உருவகமும் தேடவில்லை. ஆகஸ்டு 28-ந் தேதி மரித்தார்.

வாசகரே, அடுத்தமுறை வேதாகமத்தைத் திறக்கும்போது, உமக்குக் கஷ்டமான கட்டளை எதிர்ப்பட்டால், அதை உருவகமென்று தள்ளுமுன் ஒருகணம் நின்று யோசியும்.