‘ரோட்’டா, ‘ரிட்டன்’னா? – பிஷப் லௌத்தின் கதை

ரைட், ரோட், ரிட்டன். ட்ரிங்க், ட்ராங்க், ட்ரங்க். இந்த மூணு வரிசை டேபிளை மனப்பாடம் பண்ணாம யாரும் இங்க வந்திருக்க மாட்டோம். ‘ஐ ஹேவ் ரோட்’னு எழுதினா சிவப்புக் கோடு விழும். ஆனா 250 வருஷத்துக்கு முன்னாடி, இங்கிலாந்தில் நல்லா படிச்சவங்களே அப்படித்தான் எழுதிட்டு இருந்தாங்க. அதைத் தப்புன்னு நிலைநாட்டியவர்களில் முக்கியமானவர் ராபர்ட் லௌத்.

லௌத் 1710-ல் வின்செஸ்டர் நகரத்தில் பிறந்தார். ஆக்ஸ்ஃபோர்டில் படித்து, 1741-ல் அங்கேயே கவிதைப் பேராசிரியர் ஆனார். எபிரேயக் கவிதை பற்றி அவர் லத்தீனில் நடத்திய சொற்பொழிவுகள் 1753-ல் நூலாக வந்தன. பைபிள் கவிதையில் ஒரு வரி சொன்னதை அடுத்த வரி வேறு சொற்களில் திருப்பிச் சொல்லும் அமைப்பை விளக்கிக் காட்டியது அந்த நூல்தான். அறிஞர்கள் மத்தியில் அவருக்குப் பெரிய பெயர் கிடைத்தது.

அப்புறம் தன் மகன் டாமுக்காக ஒரு சின்ன ஆங்கில இலக்கணம் எழுத ஆரம்பித்தார். 1762-ல் அது அச்சில் வந்தபோது அட்டையில் ஆசிரியர் பெயரே இல்லை.

அன்றைக்கு ஆங்கில வினைச்சொற்கள் ஒரே குழப்பத்தில் கிடந்தன. ‘ஹேவ்’ பக்கத்தில் ‘ரோட்’, ‘ரிட்’, ‘ரிட்டன்’ மூணுமே வரும். காரணம் இல்லாமல் இல்ல. ‘வாக்ட்’ மாதிரி சாதாரண வினைகளில் இறந்தகாலத்துக்கும் ‘ஹேவ்’ கூட வருவதற்கும் ஒரே வடிவம்தானே? அந்தப் பழக்கத்தில் மற்ற வினைகளிலும் ஒன்றையே ரெண்டு வேலைக்கும் போட்டுட்டாங்க. லௌத் கணக்குப்படி ஆங்கிலத்தில் மொத்தம் சுமார் 4300 வினைகள். அதில் ஒழுங்கில்லாதவை சுமார் 177தான். ஆனா தினமும் வாயில் வருவதே அவைதானே!

ரெண்டு வேலைக்கு ரெண்டு வடிவம் இருக்கும்போது அதைக் கலக்கக்கூடாது என்பது அவர் வாதம். சும்மா விதி மட்டும் போடவில்லை. ஷேக்ஸ்பியர், மில்டன், ஸ்விஃப்ட், போப் என்று பெரிய தலைகளின் வரிகளையே எடுத்து அடிக்குறிப்பில் பிழை காட்டினார்.

எல்லாத்திலும் அவர் ஜெயிக்கவில்லை. ‘சிட்’ வினைக்கு ‘சிட்டன்’ என்ற பழைய வடிவம்தான் முறை என்றார். யாரும் கேட்கவில்லை, ‘சாட்’ நிலைத்துவிட்டது. ‘ரிட்டன்’ விஷயத்தில் காலம் அவர் பக்கம் நின்றது. 1795-ல் லிண்ட்லி மரே எழுதிய இலக்கணம் லௌத்திடமிருந்து நிறைய எடுத்துக்கொண்டு பள்ளி பள்ளியாகப் போனது. கொஞ்ச காலத்தில் ‘ஹேவ் ரோட்’ என்பது படிக்காதவர்களின் அடையாளமாகவே ஆகிப்போனது.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. லௌத்தின் சொந்தக் கடிதங்களைப் பின்னாளில் ஆராய்ந்தவர்கள், மனைவிக்கு எழுதியவற்றில் அவரே ‘ரோட்’ வடிவத்தை ‘ரிட்டன்’ இடத்தில் போட்டிருப்பதைக் கண்டார்கள். இதைப் பாசாங்கு என்று சொல்லிட முடியாது. வீட்டுப் பேச்சுக்கு ஒரு வடிவம், அச்சுக்கு ஒரு வடிவம். நாம ‘வந்துட்டேன்’னு மெசேஜ் போட்டுட்டு பரீட்சையில் ‘வந்துவிட்டேன்’ எழுதுற மாதிரி. அவர் புத்தகம் அச்சு நடையைத்தான் ஒழுங்குபடுத்தப் பார்த்தது. பின்னால் வந்தவர்கள் அதை வைத்து ஆளையே எடை போட ஆரம்பித்தார்கள்.

1766-ல் பிஷப் ஆன லௌத், 1777-ல் லண்டன் பிஷப் ஆனார். அடுத்த வருடமே, யாருக்காக அந்த இலக்கணத்தை ஆரம்பித்தாரோ அந்த டாம் இளம் வயதில் இறந்துபோனார். 1783-ல் கேன்டர்பரி பேராயர் பதவி தேடி வந்தும் லௌத் ஏற்கவில்லை. 1787-ல் காலமானார்.

அடுத்த தடவை கூடப் படிக்கிறவங்க யாராவது ‘ஐ ஹேவ் ரோட்’னு சொன்னா திருத்துங்க, தப்பில்ல. சிரிக்காம திருத்துங்க. அது ஒரு காலத்தில் பிஷப் வீட்டு இங்கிலீஷ்.