கடிகாரத்தை மாத்தச் சொன்ன பில்டர்... புரோகிராமர்களுக்கு இன்னைக்கும் தலைவலி! யார் இந்த வில்லியம் வில்லெட்?

லண்டனில் இருக்கும் சொந்தக்காரருக்கு ஜனவரியில் போன் போட்டால், அவர் நம்மைவிட ஐந்தரை மணி நேரம் பின்னால் இருப்பார். ஜூலையில் நாலரை மணி நேரம்தான். இந்த ஒரு மணி நேர வித்தியாசத்துக்காக வாழ்நாள் கடைசி வரை அலைந்தவர் விஞ்ஞானி இல்லை. வீடு கட்டி விற்றவர்.

வில்லியம் வில்லெட் 1856-ல் இங்கிலாந்தின் ஃபார்ன்ஹாமில் பிறந்தார். அப்பாவோடு சேர்ந்து லண்டனிலும் ஹோவிலும் வீடுகள் கட்டி நல்ல பேர் எடுத்தார். காலையில் குதிரை சவாரி போவார். கோடையில் நல்லா விடிஞ்ச பிறகும் ஊரே ஜன்னலை மூடிக்கிட்டு தூங்குவது அவருக்குப் பொறுக்கவில்லை. சாயங்காலம் இருட்டி, கோல்ஃப் ஆட்டம் பாதியில் நின்றால் அதுவும் கடுப்பு!

1907-ல் சொந்தக் காசில் ஒரு சின்னப் புத்தகம் போட்டார். ஏப்ரலில் நாலு ஞாயிற்றுக்கிழமை, தலா 20 நிமிடம் கடிகாரத்தை முன்னால் தள்ளணும். செப்டம்பரில் அதே மாதிரி நாலு தடவை பின்னால். நல்லவேளை, இது அப்படியே சட்டமாகவில்லை. வருஷத்துக்கு எட்டு மாற்றம் என்றால் இன்றைய ஐடி பசங்க கதி?

1908-ல் மசோதா வந்தது, சர்ச்சில்கூட ஆதரித்தார். ஆனாலும் தேறவில்லை. 1915 மார்ச்சில், 58 வயதில் வில்லெட் காய்ச்சலில் இறந்துபோனார். அடுத்த வருஷமே, போரில் நிலக்கரியை மிச்சப்படுத்த ஜெர்மனி ஏப்ரல் 30-ல் கடிகாரத்தை மாற்றியது. பிரிட்டன் மே 21-ல். பெட்ஸ் வுட் காட்டில் அவருக்கு வைத்த சூரியக் கடிகாரம் கோடை நேரத்தைத்தான் காட்டும்.

சரி, புரோகிராமருக்கு என்ன சிக்கல்? லண்டனில் மார்ச் கடைசி ஞாயிறுக்கு 23 மணி நேரம்தான். அக்டோபர் கடைசி ஞாயிறுக்கு 25. அன்று ஒன்றரை மணி ரெண்டு தடவை வரும். அந்த ஞாயிறு நள்ளிரவு 12 மணியோடு 86,400 நொடியைக் கூட்டினால் திங்கள் வராது, ஞாயிறு ராத்திரி 11 மணிதான் வரும். அதனால் 'நாளை' வேண்டுமென்றால் நொடியைக் கூட்டக் கூடாது, காலண்டரில் ஒரு நாளைக் கூட்டணும். நடந்து முடிந்ததை யுடிசி நேரத்தில் சேமிக்கலாம். அடுத்த வருஷ மீட்டிங் என்றால் உள்ளூர் நேரத்தையும் 'யூரோப்/லண்டன்' என்ற மண்டலப் பெயரையும் சேர்த்தே வைக்கணும். சென்னையில் உட்கார்ந்து டெஸ்ட் செய்தால் இந்த பக் கண்ணிலேயே படாது, இங்கே கடிகாரம் மாறுவதில்லையே!

இன்னொரு கூத்து. கம்ப்யூட்டர்கள் நொடி எண்ணத் தொடங்கும் புள்ளி 1970 ஜனவரி 1, யுடிசி நள்ளிரவு 12 மணி. அந்த நொடியில் லண்டன் கடிகாரங்களில் மணி 1. காரணம், 1968 முதல் 1971 வரை பிரிட்டன் குளிர்காலத்திலும் கடிகாரத்தைப் பின்னால் தள்ளவே இல்லை.