பயிற்றுநர் ரெட் ஆவர்பாக்

மரத்திற்கு வேர் எப்படியோ, விளையாட்டுக் குழுவிற்குப் பயிற்றுநர் அப்படி. வேர் கண்ணுக்குத் தெரிவதில்லை. ஆயினும் மரம் கனி தருவது அதனால்தான். அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்தாட்டத்தில் அத்தகைய வேராக விளங்கியவர் ரெட் ஆவர்பாக்.

இவர் 1917ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 20ஆம் நாள் நியூயார்க் நகரின் புரூக்ளின் பகுதியில் பிறந்தார். இவருடைய இயற்பெயர் ஆர்னல்டு. செந்நிறத் தலைமுடி கொண்டிருந்தமையால், சிவப்பு எனப் பொருள்படும் ‘ரெட்’ என்னும் பெயர் நிலைத்தது. இவர்தம் தந்தையார் மின்ஸ்க் நகரிலிருந்து குடியேறிய யூதர். சலவைத் தொழில் நடத்தியவர். ஆவர்பாக் பள்ளிப் பருவத்திலேயே கூடைப்பந்தை விரும்பிக் கற்றார். பின்னர் ஜார்ஜ் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் பயின்று, அதன் குழுவிலும் ஆடினார்.

1946இல் வாஷிங்டன் கேப்பிட்டல்ஸ் என்னும் தொழில்முறைக் குழுவின் பயிற்றுநரானார். அதன்பின் வேறொரு குழுவில் பணியாற்றியபோது, அதன் உரிமையாளர் இவருடைய விருப்பத்திற்கு மாறாக ஓர் ஆட்டக்காரரை வேறு குழுவிற்கு மாற்றினார். ஆவர்பாக் அப்பதவியைத் துறந்தார்.

1950இல் பாஸ்டன் செல்டிக்ஸ் குழுவை ஏற்றார். அதற்கு முந்திய பருவத்தில் அக்குழு 68 ஆட்டங்களில் 22இல் மட்டுமே வென்றிருந்தது. அவ்வாண்டு பாப் கூசி என்னும் இளைஞரைச் சேர்க்குமாறு ஊர் மக்கள் விரும்பினர். அவருடைய ஆட்டத்தில் பகட்டே மிகுதி எனக் கருதிய ஆவர்பாக் மறுத்துவிட்டார். ஆயினும் பின்னர்ச் சீட்டெடுப்பில் கூசி செல்டிக்ஸுக்கே கிடைத்தார். காலப்போக்கில் அவரே குழுவின் கண்மணியானார். தம் கணிப்புத் தவறு எனக் கண்டபின், அவரை மனமுவந்து பயன்படுத்திக்கொண்டது ஆவர்பாக்கின் பெருந்தன்மை.

1956இல் இவர் துணிவான முடிவொன்றை எடுத்தார். புள்ளிகளைக் குவிப்பதில் பெயர்பெற்ற எட் மெக்காலியையும், கிளிஃப் ஹேகனையும் செயின்ட் லூயிஸ் குழுவிற்குக் கொடுத்து, பில் ரஸ்ஸல் என்னும் கறுப்பின இளைஞரைப் பெற்றார். ரஸ்ஸல் புள்ளி குவிப்பதில் தலைசிறந்தவர் அல்லர். எதிரியைத் தடுப்பதிலும், கூடையில் பட்டு மீளும் பந்தைக் கைப்பற்றுவதிலும் நிகரற்றவர். குழுவின் குறை எதுவென அறிந்து ஆவர்பாக் அவரைத் தேர்ந்தார். 1957இல் செல்டிக்ஸ் முதன்முறையாக வாகை சூடியது. மறு ஆண்டு செயின்ட் லூயிஸ் குழு அதனை வென்றது. எனினும் ஆவர்பாக் மனந்தளரவில்லை. 1959 முதல் 1966 வரை எட்டாண்டுகள் தொடர்ந்து அவர் குழுவே வெற்றிக் கொடி நாட்டியது.

சிறந்த ஆட்டக்காரரைத் தொடக்கத்தில் வெளியே அமர்த்தி, எதிரணி களைப்புற்ற வேளையில் இறக்குவது இவர் கையாண்ட முறை. அவ்வாறு ஆடிய ஃபிராங்க் ராம்சி சிறிதும் வருந்தவில்லை. குழுவின் வெற்றியே தம் வெற்றி எனக் கொண்டார்.

நிறவேற்றுமை மிகுந்திருந்த அக்காலத்தில் ஆவர்பாக் திறமையை மட்டுமே நோக்கினார். 1964ஆம் ஆண்டு டிசம்பரில், தொடக்க ஆட்டக்காரர் ஐவரும் கறுப்பினத்தவராக அவர் குழு களம் இறங்கியது. என்.பி.ஏ. வரலாற்றில் அதுவே முதன்முறை. 1966இல் பயிற்றுநர் பொறுப்பிலிருந்து விலகியபோது, தம் இடத்தை ரஸ்ஸலிடம் ஒப்படைத்தார். என்.பி.ஏ.வின் முதல் கறுப்பினத் தலைமைப் பயிற்றுநர் ரஸ்ஸலே. அவர் ஆட்டக்காரராகவும் பயிற்றுநராகவும் இருந்து 1968, 1969 ஆகிய ஆண்டுகளில் குழுவை வெற்றிபெறச் செய்தார்.

ஆவர்பாக் 2006ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 28ஆம் நாள் தமது 89ஆம் வயதில் இயற்கை எய்தினார்.

மாணவ நண்பர்களே! பந்தைக் கூடையில் இடுபவரை உலகம் போற்றும். யாரை எங்கே நிறுத்துவது என எண்ணி முடிவெடுப்பவரையும் நாம் நினைவில் கொள்வோம். வெளியே அமர்ந்து காத்திருக்கும் நாளிலும் நாம் குழுவின் உறுப்பினரே என்பதை உணர்வோம்.