மூர்த்தி சிறிது, கீர்த்தி பெரிது

வீடுகளில் விளக்கு எரிவதற்கும் ஆலைகளில் எந்திரங்கள் சுழல்வதற்கும் மாறுதிசை மின்னோட்டம் பயன்படுகிறது. அம்மின்னோட்டத்தைக் கணக்கிடும் முறையை எளிதாக்கிய அறிஞர் சார்லஸ் ஸ்டைன்மெட்ஸ்.

இவர் 1865ஆம் ஆண்டு ஏப்ரல் 9ஆம் நாள் பிரெஸ்லாவு நகரில் பிறந்தார். அன்று பிரஷ்ய அரசுக்கு உட்பட்டிருந்த அந்நகரம் இன்று போலந்து நாட்டில் உள்ளது. தந்தைக்கும் பாட்டனாருக்கும் இருந்தது போலவே இவருக்கும் பிறவியிலேயே முதுகு கூனியிருந்தது. வளர்ந்த பின்னும் உயரம் ஏறத்தாழ நான்கு அடியே. நடையிலும் தடுமாற்றம் இருந்தது. ஆயினும் கணிதத்தில் இவருக்கு இணையான மாணவர் பல்கலைக்கழகத்தில் அரிதாகவே இருந்தனர். படிக்கும் காலத்தில் சமதர்மக் கொள்கையில் ஈடுபட்டதால் அரசின் சினத்துக்கு ஆளானார். கைதாவதிலிருந்து தப்ப, 1888இல் நாட்டை விட்டு வெளியேறினார்.

சிலகாலம் சுவிட்சர்லாந்தில் தங்கிய பின், 1889இல் ஒரு நண்பருடன் அமெரிக்காவுக்குக் கப்பலேறினார். நியூயார்க் துறைமுகத்தில் அவருக்கு இடையூறு காத்திருந்தது. அவருடைய உடலமைப்பைக் கண்ட குடியேற்ற அதிகாரிகள் அவரைத் திருப்பி அனுப்ப முற்பட்டனர். அவருக்கு ஆங்கிலமும் நன்கு தெரியாது. உடன் வந்த நண்பர் அவருக்காகப் பொறுப்பேற்றுப் பேசினார். அதன் பின்னரே உள்ளே செல்ல இசைவு கிடைத்தது.

அடுத்து வேலை தேட வேண்டியிருந்தது. யாங்கர்ஸ் என்னும் ஊரில் ருடால்ஃப் ஐக்மேயர் என்பவர் ஒரு தொழிற்சாலை நடத்தி வந்தார். அவரும் இளமையில் ஜெர்மானிய மண்ணிலிருந்து அமெரிக்காவுக்குக் குடியேறியவரே. அவர் ஸ்டைன்மெட்ஸின் உருவத்தை நோக்கவில்லை, அறிவையே நோக்கினார். முதலில் வரைபடம் வரையும் பணியைத் தந்தார். பின்னர் ஆய்வு செய்யவும் வாய்ப்பளித்தார்.

அந்த நம்பிக்கை வீண்போகவில்லை. மின்மாற்றியிலும் மின்மோட்டாரிலும் உள்ள இரும்பு மீண்டும் மீண்டும் காந்தமாக்கப்படும்போது, மின்னாற்றலின் ஒரு பகுதி வெப்பமாகி வீணாகிறது. எவ்வளவு வீணாகும் என்பதை முன்கூட்டியே கணக்கிடப் பொறியாளர்கள் திணறினர். ஸ்டைன்மெட்ஸ் பல சோதனைகள் செய்து அதற்கான விதியைக் கண்டறிந்து, 1892இல் பொறியாளர் அவையில் எடுத்துரைத்தார். எந்திரத்தைக் கட்டுவதற்கு முன்பே அதன் இழப்பைத் தாளில் கணக்கிட வழி பிறந்தது.

ஐக்மேயரின் தொழிலை ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனம் விலைக்கு வாங்கியது. ஸ்டைன்மெட்ஸும் அந்நிறுவனத்தில் சேர்ந்து, 1894 முதல் ஸ்கெனெக்டடி நகரில் பணியாற்றினார். அங்கே அவர் தமக்கேற்ற முறையில் ஆய்வு செய்தார். வீட்டை ஒட்டியே ஓர் ஆய்வகம் அமைத்துக்கொண்டார். கோடைக்காலத்தில் மோஹாக் ஆற்றில் சிறு படகை மிதக்கவிட்டு, அதன் குறுக்கே பலகை இட்டு, அதன்மேல் தாள்களைப் பரப்பிக் கணக்கிடுவார். எங்கே அமர்ந்து எழுதினார் என்பதைவிட, என்ன எழுதினார் என்பதே பெரிதாக மதிக்கப்பட்டது. 1902இல் யூனியன் கல்லூரியில் பேராசிரியராகவும் ஆனார். செயற்கை மின்னலை உண்டாக்கி, மின்கம்பிகளை இடியிலிருந்து காக்கும் வழிகளை ஆராய்ந்தார். இருநூறுக்கும் மேற்பட்ட காப்புரிமைகளைப் பெற்ற அவர், 1923ஆம் ஆண்டு அக்டோபர் 26ஆம் நாள் மறைந்தார்.

ஸ்டைன்மெட்ஸ் ஒரு மேதை. ஆனால் மேதைகளுக்கு மட்டுமே பணியிடத்தின் கதவு திறக்க வேண்டும் என்பதில்லை. தச்சரோ எழுத்தரோ ஆசிரியரோ, எவராயினும் தம் திறமையைக் காட்ட முதலில் ஓர் இடம் வேண்டும். இந்தியாவில் 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் இதனை வலியுறுத்துகிறது. அரசுப் பணியிடங்களில் குறைந்தது 4 விழுக்காட்டை அவர்களுக்கு ஒதுக்கவும், பணிபுரியத் தேவையான வசதிகளைச் செய்து தரவும் அது ஆணையிடுகிறது. சக்கர நாற்காலி செல்லும் சாய்தளம், எழுத்தைப் படித்துக் காட்டும் கணினி, சைகைமொழி அறிந்த உடன்பணியாளர் ஆகியவை இரக்கத்தால் இடும் கொடை அல்ல. ஒருவர் தம் கடமையைச் செய்ய உதவும் கருவிகள். மேசையின் உயரத்தைச் சற்று மாற்றினால் போதும், ஒரு மனிதரின் உழைப்பு நாட்டுக்குக் கிடைக்கும்.

சொல்லும் பொருளும்
இசைவு – ஒப்புதல்
விழுக்காடு – நூற்றில் ஒரு பங்கு
சாய்தளம் – படிக்கு மாற்றான சரிவுப் பாதை

வினாக்கள்
1. துறைமுகத்தில் ஸ்டைன்மெட்ஸுக்கு நேர்ந்த இடையூறு யாது?
2. ஐக்மேயர் அவருக்கு எவ்வாறு உதவினார்?
3. உங்கள் பள்ளியில் மாற்றுத்திறனாளி ஆசிரியர் ஒருவர் பணியில் சேர்ந்தால், எந்தெந்த மாற்றங்கள் செய்ய வேண்டும்? ஐந்து தொடர்களில் எழுதுக.