அர்ச். செலியம்மாளும் ஊசிவேலையும்



சிறுமலர் என்று நாம் அழைக்கும் அர்ச். குழந்தை சேசுவின் தெரேசம்மாளின் படம் இல்லாத வீடு நம்முள் அரிது. ஆனால் அவளைப் பெற்ற தாய் என்ன தொழில் செய்தாள் என்று கேட்டால், நம்மில் எத்தனை பேர் விடை சொல்லுவோம்? அவள் லேஸ் பின்னிப் பிழைத்தவள். வீட்டிலிருந்து தைத்தும் பின்னியும் சம்பாதிக்கிற பெண்ணைக் குறித்து, அவள் வீட்டில் சும்மாதான் இருக்கிறாள் என்று பேசுவது நம்மிடையே வழக்கமாகிவிட்டது. ஆகையால் இவ்வாரம் இந்தத் தாயின் சரித்திரத்தைச் சற்றுச் சிந்திப்போம்.

செலி கெரின் 1831-ம் ஆண்டு டிசம்பர் 23-ந் தேதி, பிரான்சு தேசத்தில் அலென்சோன் பட்டணத்துக்கு அருகே பிறந்தாள். தகப்பனார் பட்டாளத்தில் சேவித்தவர். வீட்டில் கண்டிப்பு மிகுதி, கொஞ்சுதல் குறைவு. விளையாட ஒரு பொம்மைகூட அவளுக்கு வாய்க்கவில்லை. வளர்ந்தபின், வியாதியஸ்தரைப் பராமரிக்கும் அர்ச். வின்சென்ட் தே பவுல் சபைக் கன்னியர் மடத்தில் சேர விரும்பிப் போய்க் கேட்டாள். மடத்துத் தாயாரோ, அது அவளுக்குத் தேவசித்தமல்ல என்று சொல்லி அனுப்பிவிட்டார். அவள் மனம் நொந்தாள்.

பிழைப்புக்கு ஒரு வழி காட்டும்படி தேவமாதாவை மன்றாடினாள். 1851-ம் ஆண்டு அமலோற்பவ மாதா திருநாளன்று, அலென்சோன் லேஸ் செய்யும்படி தன் உள்ளத்தில் ஓர் ஏவுதல் உண்டானதை உணர்ந்தாள். மடத்துக் கதவு அடைபட்டவளுக்கு ஊசியின் காதே வாசலாயிற்று.

அந்த லேஸ் எப்படிப்பட்டதென்று அறிந்தால்தான் அவள் பட்ட பாடு விளங்கும். 1665-ம் ஆண்டு முதல் அரசனின் ஆதரவு பெற்று வளர்ந்த தொழில் அது. தறியும் இல்லை, இயந்திரமும் இல்லை, ஊசியும் நூலும்தான். தோல்தாளில் சித்திரம் வரைந்து, கோட்டின்மேல் துளையிட்டு, அதைப் பற்றி நூலோட்டி, வலைபோன்ற பின்னணியும் பூக்களும் தைத்து, ஓரங்களை மேடாக்கி, கடைசியில் கூர்மையான கத்தியால் தாளிலிருந்து பிரித்தெடுக்க வேண்டும். மெருகு கொடுப்பது பெரிய கடல் இறாலின் கொடுக்கால்! ஒரு சதுர சென்டிமீட்டர் முடிய 7 மணி நேரம் செல்லும். தொழில் முழுவதும் கைவர 7 முதல் 10 வருடம் வேண்டும். 2010-ம் ஆண்டில் யுனெஸ்கோ இக்கைத்தொழிலை மனுக்குலத்தின் மரபுச் செல்வங்களுள் ஒன்றாகச் சேர்த்துக்கொண்டது.

செலி அதைக் கற்று, 1853-ம் ஆண்டில் தன் தமக்கையின் துணையோடு சொந்தமாகத் தொழில் தொடங்கினாள். பெண்கள் தங்கள் தங்கள் வீடுகளிலேயே வேலை செய்து, வியாழக்கிழமைதோறும் துண்டுகளைக் கொண்டுவருவார்கள். அவற்றைப் பரிசோதித்து, அடுத்த வேலைக்கு நூலும் மாதிரியும் கொடுத்தனுப்புவாள். அந்தத் துண்டுகளைக் கண்ணுக்குத் தெரியாத தையலால் ஒன்றாக இணைப்பது அவள் கைவேலை. எல்லாவற்றிலும் நுட்பமானது அதுவே. பூவை எல்லாரும் பார்ப்பார்கள். இணைத்த தையலை ஒருவரும் பாரார். பார்க்கும்படி இருந்தால் அது பழுது! தாய்மார்களே, உங்கள் வீட்டில் நீங்கள் செய்வதும் இதுதான் அல்லவா?

1858-ம் ஆண்டு ஜூலை 13-ந் தேதி, கடிகாரத் தொழில் செய்த லூயி மார்ட்டினை மணந்தாள். ஒன்பது பிள்ளைகள் பிறந்தார்கள். அவர்களில் நால்வரைச் சிறுவயதிலேயே அடக்கம் செய்தாள். மற்ற ஐவரும் கன்னியாஸ்திரிகளானார்கள். 1870-ல் லூயி தம் கடிகாரக் கடையை மருமகனிடம் விட்டுவிட்டு, மனைவியின் லேஸ் வியாபாரத்துக்குத் துணையாக நின்றார். பெண்ணின் தொழிலுக்குத் துணை நிற்பதை அவர் இழுக்காக எண்ணவில்லை.

அவளுக்கு எல்லாம் இலகுவாயிருந்தது என்று நினையாதீர்கள். ஆர்டர்கள் குவிந்தால் இரவும் உழைக்க வேண்டும். வராவிட்டால் வேலைக்காரிகளுக்கு எப்படி வேலை கொடுப்பது என்ற கவலை. இந்த லேஸ் தன் உயிரை வாங்குகிறதென்று கடிதங்களில் முறையிட்டவளும் அவளே. சன்னலோரம் உட்கார்ந்து லேஸ் இணைக்கும் நேரமே தனக்குச் சந்தோஷம் என்று எழுதியவளும் அவளே. வேலைக்காரிகளைத் தன் குடும்பத்தாராகவே பாவித்தாள். அவர்களில் நோயுற்றவர்களைப் போய்ப் பார்ப்பாள்.

மார்பில் உண்டான புற்றுநோயால் வருந்தி, 1877 ஆகஸ்டு 28-ந் தேதி, 45-ம் வயதில் இறந்தாள். கடைசி மகள் தெரேசாவுக்கு அப்போது நாலரை வயது. 2015-ம் ஆண்டு அக்டோபர் 18-ந் தேதி பாப்பரசர் பிரான்சிஸ், செலியையும் லூயியையும் ஒன்றாக அர்ச்சியசிஷ்டர் பட்டத்துக்கு உயர்த்தினார். திருச்சபை இவளைப் பீடத்தில் ஏற்றியபோது, ஊசி பிடித்த கையையும் சேர்த்தே ஏற்றியது.

ஆகையால் குடும்பத்தாரே, இந்த மாதாவின் சரித்திரத்தை வாசித்ததோடு விடாதீர்கள். உங்கள் தெருவில் இரவிளக்கில் கண் நோகத் தைத்துக் கொடுக்கிற பெண்ணிடம், நாலு தையலுக்கு இவ்வளவா என்று பேரம் பேசாதீர்கள். திருநாளுக்குத் துணியை வாங்கிக்கொண்டு, கூலியை அடுத்த மாதத்துக்குத் தள்ளாதீர்கள். கூலியைப் பிடித்துவைப்பது தேவ சமூகத்தில் கூக்குரலிடும் பாவமென்று ஞானோபதேசத்தில் படித்தோமே. கணவன்மாரே, மனைவி ஊசியால் ஈட்டுகிற காசு வீட்டில் அடுப்பெரிக்கிறதானால், அதைக் கைச்செலவுக் காசு என்று இளக்காரம் பண்ணாதீர்கள். லூயியைப்போல் ஒரு வேலையை நீங்களும் ஏற்றுக்கொள்ளுங்கள். பாட்டிமாரே, உங்கள் விரல்கள் அறிந்ததைப் பேரப்பிள்ளைகளுக்கு, பெண் ஆண் என்று பாராமல், கற்றுக்கொடுங்கள்.

அடுத்த முறை ஊசியில் நூல் கோர்க்கும்போது அர்ச். செலியம்மாளை நினைத்து ஒரு அருள்நிறை மந்திரம் சொல்லுங்கள். கண்ணுக்குத் தெரியாத தையல்கள் ஒவ்வொன்றையும் ஆண்டவர் எண்ணி வைத்திருக்கிறார்.